குண்டான் அக்காவும் மாற்றாத படகும்

அந்த ஆய்வுக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேருபவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். "மூணாவது மாடிக்குப் போங்க, குண்டான் அக்கா இருப்பாங்க, அவங்களைப் பாருங்க" என்று வாசல் காவலர் சொல்லி அனுப்புவார். மேலே போனால், ஒட்டடைக்குச்சிக்கு நீலக் கோட்டு மாட்டியதுபோல் ஒரு பெண் கதவருகே நிற்பாள். வந்தவர் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "குண்டான அக்கா இல்லீங்களா?" என்று கேட்டுவைப்பார். அப்படிக் கேட்டவருக்கு அடுத்த ஒரு வாரத்துக்கு அந்த அறையில் ஒரு காரியமும் நடக்காது.

குண்டான் என்பது அவள் உடம்பு இல்லை, அவள் ஓட்டுகிற இயந்திரம். இடுப்பு உயரத்துக்கு எஃகில் ஒரு பெரிய பாத்திரம், அதற்கு மூச்சைப் பிடித்துத் தூக்கவேண்டிய கனத்த மூடி, அடியில் நாள் முழுக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும் ஒரு பம்பு. விலைப்பட்டியலில் அதற்கு ஒன்றரை வரிக்கு ஆங்கிலப் பெயர் உண்டு. அக்கா வந்த முதல் நாளே, "இது என்ன, கல்யாண வீட்டுக் குண்டான் மாதிரி இருக்கு" என்றாள். இருபத்தாறு வருஷமாக அதுவே பெயர். பிறகு பாத்திரத்தின் பெயர் அவள்மேலும் ஒட்டிக்கொண்டது.

குண்டானின் சமையல் எளிமையானதுதான். உள்ளே இருக்கும் காற்றை மூன்று மணி நேரம் உறிஞ்சி எடுக்கவேண்டும். அடியில் விரல் நீளத்துக்கு ஒரு தகட்டுத் தொட்டி இருக்கும். இரண்டு முனையும் குவிந்திருப்பதால் அதற்குப் படகு என்று பெயர். படகில் வெள்ளித் துணுக்குகளைப் போட்டு மின்சாரம் கொடுத்தால், படகு பழுத்துச் சிவந்து, வெள்ளி உருகி, ஆவியாகி, மேலே தலைகீழாகத் தொங்கும் பிளாஸ்டிக் தாளில் போய் உட்காரும். எவ்வளவு உட்கார்ந்தது என்று ஒரு திரை எண்ணிச் சொல்லும். எட்டு நானோமீட்டர் வந்ததும் நிறுத்திவிடவேண்டும். ஒரு தலைமுடியைப் பத்தாயிரம் பட்டையாகச் சீவினால் ஒரு பட்டை எட்டு நானோ. எப்படிச் சீவுவது என்று அக்காவிடம் கேட்டால், "உன் தலைய குடு, காட்டறேன்" என்பாள்.

இத்தனை பாடும் எதற்கு என்றால், விரலில் சுற்றிக்கொள்ளும் ஓர் ஒளி உணரிக்காக. விரலுக்கு ஒரு பக்கம் சின்ன விளக்கு, மறுபக்கம் இந்தத் தாள். ரத்தம் ஓட ஓட விரலைத் துளைத்து வரும் வெளிச்சம் கூடும், குறையும். தாளில் பூசிய கரிமச் சாயம் அந்த வெளிச்சத்தை மின்சாரமாக்கி நாடித்துடிப்பைச் சொல்லும். சாயம் மடங்கும், தாள் மடங்கும். ஆனால் அந்த மின்சாரத்தை வெளியே கொண்டுவர, வெளிச்சத்தை மறைக்காத ஓர் உலோகப் பூச்சு வேண்டும், அதுவும் மடங்கவேண்டும். சந்தையில் இருக்கும் வழக்கமான பூச்சு மடக்கினால் விரிசல் விட்டுவிடும். அதனால்தான் வெள்ளி, அதனால்தான் எட்டு நானோ.

வெள்ளிக்கோ பிளாஸ்டிக்கைக் கண்டாலே ஆகாது. எண்ணெய்ச் சட்டியில் தெறித்த தண்ணீர்போலச் சொட்டுச் சொட்டாகச் சுருண்டு தனித்தனியே உட்கார்ந்துகொள்ளும். சொட்டுகள் ஒன்றையொன்று தொடாவிட்டால் மின்சாரம் போகாது. சரி, பதினைந்து நானோ போட்டுத் தொலைக்கலாம் என்றால், தாள் முகம் பார்க்கிற கண்ணாடியாகிவிடும், வெளிச்சம் உள்ளே நுழையாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நான்கு வருஷமாக மாட்டிக்கொண்டு முழிப்பவள் ஓர் ஆராய்ச்சி மாணவி. "இது கடைசி வருஷம் அக்கா" என்று மூன்று வருஷமாகச் சொல்லிவருவதால் அவளுக்குப் பெயரே கடைசி வருஷம். அவளுடைய பேராசிரியர் எதைச் சொன்னாலும் "அதாவது" என்று ஆரம்பிப்பார். முன்னால் ஒன்றும் சொல்லாதபோதே அதாவது என்றால் எதாவது என்று யாருக்கும் தெரியாது. அவருக்கு வேறு பெயர் வைக்கவேண்டிய தேவை ஏற்படவில்லை.

அந்த அறையின் கண்ணாடிக் கதவில் ஒரு பலகை தொங்கும். முன்பொருமுறை எவனோ தன் சாவிக்கொத்துக்கு மினுமினுப்பு ஏற்றப் போய்க் குண்டான் ஒரு மாதம் படுத்துவிட்டது. அந்தக் கோபத்தில் அக்காவே எழுதி, அக்காவே கயிறு கட்டித் தொங்கவிட்ட பலகை அது. "வெளிப் பொருளை உள்ளே வைப்பவர் வெளியே." அலுவலகம் அதை அப்படியே விதிப்புத்தகத்தில் ஏற்றிக்கொண்டது. அதற்கப்புறம் இரண்டு பேரை அந்த விதி வேலையைவிட்டே அனுப்பியது. அக்கா அவர்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

இப்போது நாத்தனாருக்கு வருவோம்.

அக்காவின் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர், வாயில்லாப் பூச்சி. அவர் பங்குக்கும் சேர்த்துப் பேசுவதற்கு அவருடைய அக்கா இருந்தாள். அவள் புது வீடு கட்டி அதற்கு "அமைதி" என்று பெயர் வைத்தாள். மூன்று தொலைக்காட்சியும் இரண்டு நாயும் அவளும் இருக்கிற வீட்டுக்கு. பெயர்ப்பலகை பிளாஸ்டிக்கில் செய்து வந்தது, பார்த்தால் பிளாஸ்டிக் என்று தெரிந்தது. அதுதான் வினை.

"உன் மெஷின்ல என்னமோ தகதகன்னு பூசறியாமே. நம்ம போர்டுக்கும் ஒரு பூச்சு பூசிக் குடுத்தா குறைஞ்சா போயிடுவே?"

"அதெல்லாம் வெளிச் சாமான் வைக்கக்கூடாது அண்ணி. வேலை போயிடும்."

"யார் சொன்னா?"

"நாந்தான் சொன்னேன். போர்டு எழுதி மாட்டியிருக்கேன்."

"நீ எழுதின போர்டுக்கு நீயே பயப்படுவியா?" என்றாள் நாத்தனார். எட்டு மாதம் இதே பாட்டு, காலையிலும் மாலையிலும், தொலைபேசியில். கடைசியில் கணவரே ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு, "பூசிக் குடுத்துடேன், எனக்குக் காது வலிக்குது" என்றார். அவர் வாய்திறந்து ஒன்று கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம், யாரும் இல்லாத நேரம் பார்த்து, அக்கா "அமைதி"யைத் துணிப்பையில் சுற்றி மூன்றாவது மாடிக்குக் கொண்டுபோனாள். ஆய்வுக்கூடத்து வெள்ளியில் கைவைக்க அவளுக்கு மனசு வரவில்லை. வீட்டில் எரிந்துபோன மின்விசிறி ஒன்று இருந்தது, அதன் சுருளிலிருந்து செம்புக் கம்பியை வெட்டி, மேல்பூச்சைச் சுரண்டி, துடைத்துக் கொண்டுவந்திருந்தாள். தன் பாவத்தைச் சொந்தச் செலவில் செய்கிறோம் என்று ஒரு சமாதானம். பலகை இளஞ்சிவப்புப் பொன்னாக ஜொலித்தது. நாத்தனார் அதை வாங்கி, தலையைச் சாய்த்துப் பார்த்து, "பரவாயில்ல" என்றாள்.

திங்கட்கிழமை காலை மழை. கடைசி வருஷம் ஐந்து தாள் வெட்டி, துடைத்து, சட்டத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அக்கா குண்டானைத் திறந்து, படகை மாற்றக் கையை நீட்டினாள். அப்போது தொலைபேசி அடித்தது. ஆணி அடிக்க வந்தவன் பலகையைக் கோணலாக மாட்டிவிட்டானாம். எந்தப் பக்கம் கோணல், எத்தனை விரல்கடை கோணல், அவன் அப்பன் காலத்திலிருந்தே அவர்கள் எப்படிக் கோணல் என்று இருபது நிமிஷம். காதுக்கும் தோளுக்கும் நடுவே தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, "ம்... ம்... ஆமா அண்ணி" என்று சொல்லிக்கொண்டே அக்கா வெள்ளித் துணுக்குகளைப் படகில் போட்டாள். அடியில் ஏதோ கருஞ்சிவப்பாக ஒட்டியிருந்தது கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை. மூடியைப் போட்டாள். பதிவேட்டில் "பொருள்: வெள்ளி. படகு: புதிது" என்று எழுதினாள். இருபத்தாறு வருஷமாக எழுதிய கை, அது பாட்டுக்கு எழுதியது. வேலை முடிந்ததும் படகு இரண்டாகப் பிளந்தது. அது அடிக்கடி நடப்பதுதான். குப்பையில் போட்டாள்.

அந்த ஐந்து தாளும் அற்புதமாக வந்தன. ஜன்னல்மேல் வைத்தால் அந்தப் பக்கத்து மழை தெரிந்தது. மீட்டரை வைத்தால் மின்சாரம் வழுக்கிக்கொண்டு ஓடியது. பென்சிலில் சுற்றி ஆயிரம் தடவை மடக்கியும் அசையவில்லை. கடைசி வருஷம் மீட்டர்தான் பழுது என்று நினைத்து மூன்று மீட்டர் மாற்றிப் பார்த்தாள். பிறகு அக்காவைக் கட்டிப்பிடித்து, எலும்பு குத்தி, விட்டுவிட்டாள். பேராசிரியர் அன்று மாலையே, இந்த வேலைக்கு நிதி கொடுக்கும் குழுவுக்கு எழுதிப்போட்டார். ஆறு வாரத்தில் நேரில் பார்க்க வருவதாகப் பதில் வந்தது.

அடுத்த நாள் பண்டகசாலையிலிருந்து புதுப் படகுகள் வந்தன. அதோடு அதிர்ஷ்டமும் கிளம்பிப் போனது.

பன்னிரண்டு முறை ஓட்டினார்கள். பன்னிரண்டு முறையும் வெள்ளி பழைய குணத்தையே காட்டியது, சொட்டுச் சொட்டாக. கடைசி வருஷம் தாளை மாற்றினாள், துடைக்கும் திரவத்தை மாற்றினாள், சாப்பாட்டை மறந்தாள். ஐந்து தாளில் நான்கைச் சோதனைக்கே வெட்டித் தின்றாகிவிட்டது, மிச்சம் ஒன்று. நான்காவது வாரம் பேராசிரியர் அவள் மேசையருகே வந்து நின்றார்.

"அதாவது, அந்தத் திங்கட்கிழமை அளந்ததெல்லாம்... அளந்ததுதானே?"

"புரியல சார்."

"அதாவது, சில பேர் அவசரத்துல எண்ணை முதல்ல எழுதிட்டு, அப்புறமா அளப்பாங்க. நான் உன்னைச் சொல்லல."

அவர் போனபிறகு அவள் அழவில்லை. மிச்சமிருந்த ஒரே தாளை எடுத்து, அதே எண் வருகிறதா என்று பதினேழு தடவை அளந்தாள். அக்கா குண்டானின் மூடியைத் துடைப்பதுபோல் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேராசிரியரின் வழுக்கையில் எட்டு நானோ வெள்ளி பூசி வெயிலில் நிறுத்தவேண்டும் என்று தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. கணவர் வேனை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்க, அக்கா வாசல் கதவின் முன்னால் நின்றாள். உள்ளே இரண்டு நாயும் குரைத்தன. கண்ணெதிரே "அமைதி" வெயிலில் மினுங்கியது. சிவப்பு. படகின் அடியில் ஒட்டியிருந்த அந்தக் கருஞ்சிவப்பு.

நகை செய்கிறவர்கள் வெள்ளியில் செம்பு சேர்ப்பது ஊருக்கே தெரியும், தனி வெள்ளி குழையும், துளி செம்பு அதைப் பிடித்து நிறுத்தும். அதையே, தன்னை அறியாமல், தொலைபேசியில் "ஆமா அண்ணி" சொல்லிக்கொண்டே, தான் செய்துவைத்திருக்கிறோம் என்று அக்காவுக்கு அந்த வாசலிலேயே விளங்கிவிட்டது. "என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" என்றாள் நாத்தனார். "போர்டு இன்னும் கோணலாத்தானே இருக்கு? நீயே சொல்லு."

செவ்வாய்க்கிழமை, மறுபடி மழை. அக்கா கடுகளவு செம்பை வெள்ளியோடு சேர்த்துப் போட்டாள், யாரிடமும் மூச்சுவிடவில்லை. தாள்கள் அந்தப் பக்கம் தெரிய, மின்சாரம் ஓட, வந்து சேர்ந்தன. கடைசி வருஷம் நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது, அசிங்கமான யோசனை, ஆனால் வசதியானது. ஓய்வுபெற மூன்று வருஷம்தான். ஒவ்வொரு தடவையும் கடுகளவு செம்பை நைசாகத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? பெண்ணுக்குப் பட்டம், குழுவுக்குத் தாள், தனக்குக் குண்டான்.

இரண்டு நாள் அந்த யோசனையோடு நிம்மதியாகத் தூங்கினாள். மூன்றாம் நாள் கடைசி வருஷம் கையில் ஒரு வரைபடத்தோடு வந்தாள், முகமெல்லாம் பல்.

"அக்கா, கண்டுபிடிச்சிட்டேன். மழை."

"என்ன மழை?"

"ரெண்டு தடவையும் மழை பெஞ்சிருக்கு. காத்துல ஈரம் இருந்தா தாள்ல ஒரு சின்னப் படலம் படியுது, வெள்ளி அதுல ஒட்டுது. பாருங்க, முப்பது வருஷத்து மழைக்கணக்கு எடுத்து வந்திருக்கேன். குழு வர்றப்போ இதைத்தான் சொல்லப்போறேன்."

அக்கா அந்த வரைபடத்தைப் பார்த்தாள். அழகாக இருந்தது, நீலக் கலரில் மழைத்துளியெல்லாம் போட்டு. இந்தப் பெண் நாலு வருஷத்தைத் தூக்கிக்கொண்டு போய், பெரிய மனிதர்கள் நாலு பேர் முன்னால் நின்று, மழை பெய்தால் வெள்ளி ஒட்டும் என்று சொல்லப்போகிறாள். அவர்கள் வெளியே போய்ச் சிரிப்பார்கள். அக்காவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"மழையும் இல்ல, மண்ணும் இல்ல" என்றாள். "உக்காரு. சொல்றேன். நடுவுல எழுந்திருக்காதே."

சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது, அதில் பத்து நிமிஷம் நாத்தனாரைப் பற்றி. கடைசி வருஷம் முதலில் வரைபடத்தைக் கசக்கினாள். பிறகு, "பன்னெண்டு தடவை ஓட்டினேன் அக்கா, நான் திருடின்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்" என்று சொல்லி அக்காவின் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அதன்பின், "அமைதியா?" என்று கேட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. கதவில் தொங்கிய பலகையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அதாவது, இந்த அறையைத் தாண்டி இது போகவேண்டாம். நாமளே யோசிச்சுச் செம்பு சேர்த்தோம்னு சொல்லிடலாம். யாருக்கு நஷ்டம்?"

"எனக்குச் சம்மதம்" என்றாள் கடைசி வருஷம் உடனே. "அக்கா போனா இந்தக் குண்டானை யார் ஓட்டறது?"

அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது மூன்றாவது மாடிக்கே தெரியும். ஒரு சின்னப் பொய் சொன்னாலும் இரண்டு காதும் சிவந்துவிடும். அக்காவுக்கு அது நினைவு வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மூன்று வருஷம், குண்டான், அந்தப் பம்பின் செருமல், இதெல்லாம் அவள் நாக்கைக் கட்டிப்போட்டன.

குழு வந்தது. நால்வர். அதில் மூன்று பேர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். நான்காவது, தடித்த கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். அவர் தலையாட்டவில்லை, குறிப்பெழுதினார். அக்கா அறையின் பின்வரிசையில், சலவை செய்த நீலக் கோட்டோடு, இயந்திரத்தைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்காக உட்கார்ந்திருந்தாள். தாள்கள் காட்டப்பட்டன, மடக்கப்பட்டன, விரலில் சுற்றப்பட்டன. எல்லாம் சரியாகப் போனது.

"செம்பு சேர்க்கிற யோசனை எப்படி வந்தது?" என்றார் அந்த அம்மாள்.

"படிச்சு, யோசிச்சு..." என்றாள் கடைசி வருஷம். காதுகள் சிவந்தன.

"முதல் தடவை சேர்த்த அன்னிக்கு எழுதின பதிவேட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

பதிவேடு கைமாறிப் போனது. அந்த அம்மாள் பக்கத்தைத் திருப்பினார், விரலை வைத்தார். "பொருள்: வெள்ளி. படகு: புதிது. இதுல செம்பே இல்லையே. அப்போ நீங்க எங்களுக்கு அனுப்பின எண் எந்தத் தாளோடது?"

கடைசி வருஷத்தின் முகம் காதின் நிறத்துக்கு வந்துவிட்டது. பேராசிரியர் எழுந்து, "அதாவது" என்றார். எல்லாரும் காத்திருந்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சொல்லுக்குப் பின்னால் அவரிடம் எதுவும் இல்லை.

தன் கையெழுத்து அந்தப் பெண்ணின் கழுத்தில் கத்தியாகக் கிடப்பதை அக்கா பின்வரிசையிலிருந்து பார்த்தாள். எழுந்து நின்றாள்.

"அது நான் எழுதினதுங்க. பொய். படகு புதுசு இல்ல. அதுல செம்பு இருந்தது, என் நாத்தனார் வீட்டுப் பெயர்ப்பலகைக்குப் பூசின மிச்சம். சனிக்கிழமை யாருக்கும் தெரியாம பூசினேன். திங்கட்கிழமை மாத்த மறந்துட்டேன். அப்போ இந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது. அவ அளந்தது எல்லாம் அளந்ததுதான். இப்போ பொய் சொன்னாகூட எனக்காகத்தான் சொல்றா, அதுவும் ஒழுங்கா சொல்லத் தெரியல."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "பலகையில என்ன எழுதியிருந்தது?"

"அமைதின்னு."

தலையாட்டிய மூவரில் ஒருவருக்குத் தண்ணீர் புரையேறியது. அந்த அம்மாள் மட்டும் பதிவேட்டில் அந்த வரியின் ஓரத்தில் ஏதோ எழுதி, "இந்தப் பொண்ணு அளந்தது நிக்குது. ஆனா அறிக்கையில நடந்தது நடந்தபடி இருக்கணும், நாத்தனார் உள்பட" என்றார். நிதி வந்தது. கடைசி வருஷத்துக்கு அது உண்மையிலேயே கடைசி வருஷமானது.

அக்காவுக்கு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. விதி இருக்கிறது, விதியை எழுதியவரே மீறியிருக்கிறார், முன்பு இரண்டு பேர் போயிருக்கிறார்கள். அக்கா எதுவும் சப்பைக்கட்டுக் கட்டவில்லை. சாவியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அப்போதுதான் பேராசிரியர், யாரும் எதிர்பார்க்காதபடி, உருப்படியாக ஒரு காரியம் செய்தார். கதவிலிருந்த பலகையைக் கழற்றி மேலதிகாரியின் மேசைக்கே கொண்டுபோனார்.

"அதாவது, இதுல 'வெளியே'ன்னுதான் இருக்கு. எவ்வளவு வெளியேன்னு இல்ல."

இரண்டு மணி நேரம் அந்த ஒரு சொல்லை வைத்து வாதாடினார். தீர்ப்பு: மூன்று மாதம் அக்கா அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, நடைபாதையில், முக்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். வேலையிலிருந்து போன அந்த இரண்டு பேரை அப்போதுதான் அக்கா நினைத்துப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. அவர்களுக்காக யாரும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றதில்லை. அவளும் நின்றதில்லை.

முக்காலி வாழ்க்கை ஆரம்பித்தது. போகிறவர் வருகிறவரெல்லாம், "என்னக்கா, க்ளாஸுக்கு வெளியே நிறுத்திட்டாங்களா?" என்றார்கள். நாத்தனார் தொலைபேசியில், "நீ பூசின போர்டு ரெண்டு மழையில கறுத்துப்போச்சு, உன் மெஷினே சரியில்ல" என்றாள். அக்கா இணைப்பைத் துண்டித்தாள். எத்தனை வருஷ ஆசை அது. உள்ளே கடைசி வருஷம் தப்பும் தவறுமாகக் குண்டானை ஓட்டினாள், கதவிடுக்கு வழியாக வசவு போய்க்கொண்டே இருந்தது.

"கையுறை போட்டியா?"

"போட்டுட்டேன் அக்கா."

"படகு?"

"புதுசு அக்கா. சத்தியமா."

ஒருநாள் பிற்பகல் அவள் கதவடியில் ஒரு மெல்லிய கம்பியைத் தள்ளினாள். முனையில் தாள் உணரி. "சும்மாதானே உக்காந்திருக்கீங்க. விரல்ல சுத்திக்குங்க, அசையாத ஒரு ஆள் வேணும்." அக்கா முணுமுணுத்துக்கொண்டே சுற்றிக்கொண்டாள். தன் கையால் பூசிய வெள்ளி, தன் மறதியால் ஏறிய செம்பு, சாந்தமாக விரலைப் பிடித்துக்கொண்டது. உள்ளே திரையில் எழுபத்திரண்டு என்று வந்தது.

கடைசி வருஷம் மூடியைத் தூக்கினாள். எண்பது. படகைக் குறட்டால் எடுத்தாள். எண்பத்தெட்டு. படகு குறட்டிலிருந்து நழுவப் பார்த்துப் பிடித்தாள். தொண்ணூற்றாறு. கதவுக்கு வெளியே அக்கா எங்கோ பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மூடியைப் போட்டதும் எண் மெல்ல இறங்கியது. கடைசி வருஷத்துக்கு வேடிக்கையாக இருந்தது, வேண்டுமென்றே மூடியை ஒருமுறை தட்டிப் பார்த்தாள். எகிறியது.

பிறகு, ஒன்றும் செய்யாமலே, எண் ஏற ஆரம்பித்தது. தொண்ணூறு. நூறு. நூற்றுநான்கு. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"அக்கா, நூத்திநாலு. உங்களுக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆகல. பம்பைப் பாரு."

"பம்பு நல்லாத்தானே..." என்று சொல்லும்போதே செருமல் மாறியது. அரைநிமிஷம் முன்னாலேயே தரைவழியாக அக்காவின் காலுக்குச் சேதி போயிருந்தது. பம்பில் எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடந்தது. கடைசி வருஷம் அடித்துப்பிடித்து நிறுத்தி எண்ணெய் ஊற்றினாள். மறுபடி ஓடவிட்டாள். நூறு, தொண்ணூறு, எழுபத்தைந்து, எழுபத்திரண்டு.

அந்த நேரம் பேராசிரியர் உள்ளே வந்து திரையைப் பார்த்தார். மேலே ஏறி, இறங்கி, மறுபடி சிகரம் தொட்டு இறங்கிய அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார்.

"அதாவது, இது யாரோட நாடி?"

"குண்டானோடது சார்" என்றாள் கடைசி வருஷம். காது சிவக்கவில்லை.

அவர் கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பினார். வெளியே முக்காலியில் அக்கா விரலில் தாளைச் சுற்றிக்கொண்டு, பம்பு ஓடுகிற சத்தத்துக்குத் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதத்தில் இன்னும் நாற்பத்தொரு நாள் மிச்சமிருந்தது. பேராசிரியர் வெளியே வந்து, அக்காவை எழுந்திருக்கச் சொல்லி, முக்காலியைத் தூக்கிக் கதவுக்கு ஒரு சாண் நெருக்கமாகப் போட்டார்.